கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வானம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் நாம் எல்லோரும் என்ன வரைவோம்? இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், ஒரு ஆறு, ஓரமாய் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை மரம். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த இந்தப் படம் இன்றும் நம்மை விட்டபாடில்லை! ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வண்ணம் தீட்டும்போது முதலில் வானத்தைப் பூசுகிறோம். அதன்மேல் மலை. மலைக்கு முன்னால் மரம். மரத்தின்மேல் இலை. கடைசியில் நம் கையெழுத்து. அதாவது தூரத்தில் இருப்பது முதலில், பக்கத்தில் இருப்பது கடைசியில். தாளிலும் துணியிலும் சுவரிலும் இதுதான் முறை.

இந்த முறையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்ட ஓர் ஓவியக் கலை இருக்கிறது. அதில் கையெழுத்துதான் முதலில். வானம் கடைசியில்! அதுதான் கண்ணாடிக்குப் பின்புறம் வரையும் ஓவியம். எந்திரத்தையும் மோட்டாரையும் பற்றிப் பேச வேண்டிய பாலிடெக்னிக் மலரில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கட்டுரை முடிவதற்குள் அதற்கும் பதில் சொல்கிறேன்.

தலைகீழ் ஓவியம் என்றால் என்ன?

ஒரு கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் வரைகிறோம். மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

முதலாவது, இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது. வலப்பக்கம் தெரிய வேண்டிய மரத்தை இடப்பக்கம் வரைய வேண்டும். எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுத வேண்டும். இரண்டாவது, முதலில் வைத்த வண்ணம்தான் பார்ப்பவருக்கு முன்னால் நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை பூச்சு பூசினாலும் அது பின்னால்தான் போகும்.

இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. வார்ப்புக் கூடத்தில் மணலில் அச்சு எடுக்கிறோம் அல்லவா? அச்சில் பள்ளமாக இருப்பது வார்ப்பில் மேடாக வரும். அதேமாதிரி மாற்றி யோசிக்கிற வேலைதான் இதுவும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கப்பா. கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் போர்டு எழுதுகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். டாக்டர் வீட்டுக் கதவு, ஓட்டல் முகப்பு, நகைக்கடை ஷோகேஸ் என்று கண்ணாடியின் உட்பக்கம் எழுதிய எழுத்துகள் எத்தனையோ. வெளியில் மழை அடித்தாலும் துணியால் தேய்த்தாலும் உள்ளே இருக்கிற எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்காகத்தான் கடைக்காரர்கள் பின்புறம் எழுதச் சொல்வார்கள். இனிப்புக் கடை, சைக்கிள் கடை போர்டுகளில் எழுத்துக்குப் பின்னால் ஒரு மாலை வானத்தையும் போட்டுக் கொடுப்பார். இந்த வேலைக்கு அவர் வைத்திருக்கிற சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: "முன்னாடி தெரியறதை முன்னாடி போடு. அப்புறம் போடலாம்னு நெனச்சா அது அப்புறமாவே போயிடும்."

ஒரு சிறு வரலாறு

கண்ணாடி ஓவியம் பல நாடுகளில் வளர்ந்தது. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சாமி படங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வரைந்து ஏழை எளியவர்களுக்கு மலிவாக விற்றார்கள். அங்கே முர்னாவ் என்ற ஊருக்கு 1908இல் வந்த கான்டின்ஸ்கி, காப்ரியேலே முன்ட்டர் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தப் படங்களைக் கண்டு மயங்கினார்கள். உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடம் முன்ட்டர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய ஓவியர்கள் ஒரு கிராமத்துத் தொழிலாளியின் கையைப் பார்த்துப் பாடம் படித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இந்தியாவுக்கு இந்தக் கலை 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியாகக் கப்பலேறி வந்தது. மேற்குக் கரையில் இறங்கி, நம் தஞ்சாவூர் வரை வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் கண்ணனும் இராமர் பட்டாபிஷேகமும் கண்ணாடியில் மின்னின. பழைய வீடுகளின் கூடத்திலும் பஜனை மடங்களிலும் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் தெய்வத்துக்குத்தான் இடம். வானம் என்பது பின்னால் ஒரு நீலத் திரை, அவ்வளவே.

அப்படியானால் கண்ணாடியில் வானத்தையே பேச வைத்தவர்கள் யார்? அதற்கு நாம் குரோஷியா நாட்டுக்குப் போக வேண்டும்.

உழவர்கள் வரைந்த வானம்

குரோஷியாவின் வடக்கே திராவா என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரைச் சமவெளிக்குப் பொத்ராவினா என்று பெயர். அங்கே ஹ்லெபினே என்று ஒரு கிராமம். சேறு படிந்த தெரு, மாடு, வாத்து, வைக்கோல் கூரை. சமவெளியாதலால் எங்கு பார்த்தாலும் வானம்.

அந்த ஊரில் 1914இல் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர் இவான் கெனெராலிச். ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. மாடு மேய்த்தார், வயலில் வேலை செய்தார், கிடைத்த தாளில் எல்லாம் படம் வரைந்தார். 1930இல் கிர்ஸ்தோ ஹெகெதுஷிச் என்ற ஓவியர் அந்தப் பையனின் படங்களைப் பார்த்தார். ஹெகெதுஷிச் ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர், பாரிசில் இருந்து வந்தவர். அவருடைய தகப்பனாரின் சொந்த ஊர் இந்த ஹ்லெபினேதான். "இது யார் போட்டது?" என்று விசாரித்துத் தேடிப் போனார். கெனெராலிச்சையும் அதே ஊர்க்காரரான பிரான்யோ மிராசையும் ஊக்கப்படுத்தினார்.

ஹெகெதுஷிச்சும் நண்பர்களும் 1929இல் 'செம்ல்யா' என்று ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு 'மண்' என்று பொருள். 1931இல் தலைநகர் சாக்ரெப்பில் அந்தக் குழு நடத்திய கண்காட்சியில் இந்தக் கிராமத்துப் பையன்களின் படங்களும் இடம்பெற்றன. அப்போது கெனெராலிச்சுக்குப் 17 வயது கூட நிறையவில்லை. நம்மைவிட இளையவர்! ஏழை உழவர்களின் கஷ்டத்தைப் படமாக்கிய அந்தக் குழுவை 1935இல் அரசாங்கம் தடை செய்தது. மிர்கோ விரியுஸ் என்ற இன்னோர் உழவர் 47 வயதுக்குப் பக்கத்தில்தான் வரையவே ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் ஒரு முகாமில் அவர் உயிர் போயிற்று. இந்தப் படங்கள் பொழுதுபோக்குக்காக வரையப்பட்டவை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஹ்லெபினே ஓவியர்கள் விரும்பிக் கையில் எடுத்தது கண்ணாடி. அவர்கள் வீடுகளில் கண்ணாடியில் வரைந்த பழைய சாமி படங்கள் இருந்தன. அந்தப் பழக்கத்தையே வயலுக்கும் மாட்டுக்கும் வானத்துக்கும் கொண்டுவந்தார்கள். வயல் வேலை இல்லாத குளிர்காலம்தான் பட வேலைக்கு ஏற்ற காலம். கெனெராலிச் 1959இல் வரைந்த 'மான் கல்யாணம்' கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. அவருக்குப் பின் வந்தவர்களில் இவான் வெச்சேனாய் (1920–2013) வானத்தை நெருப்பு மாதிரி சிவக்க வைத்தார். 1935இல் பிறந்த மியோ கொவாச்சிச்சின் படங்களில் மேகம் கனத்துக் கறுத்து நிற்கும். கீழே இருக்கிற மனிதன் எறும்பாய்த் தெரிவான்.

மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கலைப் புத்தகத்தில் முதன்முதலாக இவர்களைப் பற்றிப் படித்தேன். பிறகு செல்போனில் கெனெராலிச்சின் படம் ஒன்றை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். யார், எந்த நாடு என்று எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "இது கண்ணாடி வேலை தம்பி. இந்த மொட்டை மரத்துக் கிளையில வெள்ளைக் கோடு இருக்கு பாரு, அதைத்தான் மொதல்ல போட்டிருக்கான். கிளை அப்புறம். ஆகாசம் கடைசி" என்றார். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க விளக்கியிருந்ததை அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

அந்த வானம் ஏன் அப்படி ஒளிர்கிறது?

கண்ணாடி ஓவியத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது, "வண்ணம் இப்பத்தான் பூசின மாதிரி ஈரமா இருக்கே!" என்பது. இதற்குக் காரணம் நம் முதலாண்டு இயற்பியலிலேயே இருக்கிறது.

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகும்போது, எல்லையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களைப் பொறுத்தது. ஒளி நேராக விழுந்தால், இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத் தொகையால் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்த வேண்டும். காற்றுக்கு 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5. வித்தியாசம் 0.5, கூட்டினால் 2.5. வகுத்தால் 0.2. வர்க்கம் 0.04. ஆக நூற்றுக்கு 4 பங்கு ஒளி திரும்பிவிடுகிறது.

சாதாரணமாகத் தாளில் வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தில் என்ன நடக்கிறது? கண்ணாடியின் முன்பக்கம் 4 பங்கு, பின்பக்கம் ஏறக்குறைய இன்னொரு 4 பங்கு. பிறகு தாளின் சொரசொரப்பான மேற்பரப்பு வேறு ஒளியைச் சிதறடிக்கும். இந்த வெள்ளை ஒளி எல்லாம் வண்ணத்தின்மேல் பனி மூட்டம்போல் படிந்துவிடுகிறது. கறுப்பு சாம்பலாகிறது, சிவப்பு வெளிறுகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் நேரடியாகப் பூசினால்? அங்கே காற்றே இல்லை. வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.48. கண்ணாடியோடு ஏறக்குறைய ஒன்றுதான். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் திரும்பாது! ஒளி தடையில்லாமல் நேராக வண்ணத்துக்குள் போய், அந்த வண்ணத்தையே எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஈரச் சட்டை உலர்ந்த சட்டையைவிட அடர்த்தியாகத் தெரிவதும் இதே மாதிரிதான். நூலிழைகளுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது.

புயல் வானத்துக்கு வேண்டியது ஆழமான கறுப்பும் சுடர்விடும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில். கண்ணாடி இரண்டையும் மங்காமல் காட்டுகிறது. அதனால்தான் வெச்சேனாயின் சிவப்பு வானம் எரிகிறது.

வானத்தைப் படித்துக்கொள்ள வேண்டும்

வரைவதற்கு முன்னால் வானத்தின் நியாயம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும், சிவப்பு குறைவாகச் சிதறும். நீலம் சிவப்பைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. உச்சி வெயிலில் அந்தச் சிதறல்தான் நீல வானம். மாலையில் சூரியன் கீழே இறங்கும்போது ஒளி நீண்ட தூரம் காற்றில் வர வேண்டியிருக்கிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போக, மிச்சமிருக்கும் மஞ்சளும் சிவப்பும் நம் கண்ணுக்கு வருகின்றன.

இதிலிருந்து ஓவியனுக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, பகல் வானம் அடிவானத்தில் வெளுப்பாகவும் உச்சியில் அடர்த்தியாகவும் இருக்கும். இரண்டு, பகலில் மேகத்தின் மேல் விளிம்பு பளபளக்கும். அந்தி நேரத்தில் சூரியன் தாழ்ந்து இருப்பதால் மேகத்தின் அடி விளிம்பு பளபளக்கும். இதை மாற்றிப் போட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்யாகத் தெரியும். தினம் சாயங்காலம் கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் மேற்கே பாருங்கள், காசில்லாத பாடம்!

வரையும் முறை

தேவையானவை: 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணக் கண்ணாடி, எனாமல் பெயின்ட், டர்பன்டைன், சின்னதும் பெரியதுமாய் மூன்று பிரஷ், பஞ்சு அல்லது ஸ்பாஞ்சு, ஒரு ஊசி, ஒரு பிளேடு. கண்ணாடியின் ஓரத்தை எமரித் தாளால் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கை கிழியும்.

1. கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்ந்தபின் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் கூடப் பெயின்ட் சரியாக ஒட்டாது. ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள்.

2. படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் கண்ணாடியை வையுங்கள். இட வல மாற்றம் தானாகவே சரியாகிவிடும்.

3. கையெழுத்து, பறவை, தந்திக் கம்பி, இலை, புல் நுனி முதலிய மிக முன்னால் தெரிபவற்றை முதலில் போடுங்கள். மரப்பட்டையில் வெளிச்சம் விழும் கோடு முதலில், மரத்தின் நிறம் அதன் பின்னால். கூரையில் வைக்கோல் கோடு முதலில், கூரை பின்னால்.

4. பக்கத்து வயல், பிறகு தூரத்து வயல், பிறகு மலை என்று பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. காயாமல் பூசினால் புதுப் பூச்சில் இருக்கும் டர்பன்டைன் பழையதைக் கரைத்துவிடும்.

5. இப்போதுதான் வானத்துக்கு வருகிறோம். மேகத்தின் பளபளக்கும் விளிம்பை முதலில் மெல்லிய வெள்ளை அல்லது மஞ்சளில் போடுங்கள். அதன் உட்பக்கத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி மங்கலாக்குங்கள். பிரஷ் தடம் தெரிந்தால் அது மேகமாக இருக்காது, பூசிய சுவராக இருக்கும்.

6. விளிம்பு காய்ந்ததும் மேகத்தின் உடம்பு. சாம்பல், ஊதா, கருநீலம். இதையும் பஞ்சால்தான் ஒற்ற வேண்டும். முழுக்க மூடிவிடாமல் அங்கங்கே ஒளி புகும்படி மெல்லியதாக விடுங்கள்.

7. கடைசியில் திறந்த வானம். அடிவானத்தில் மஞ்சள், மேலே ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு, உச்சியில் கருநீலம். நான்கையும் ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லைகளைச் சுத்தமான ஸ்பாஞ்சால் ஒற்றிக் கலக்க வேண்டும். கை வேகம் வேண்டிய இடம் இதுதான். ஒரு முழ அகலக் கண்ணாடிக்கு அப்பா எடுத்துக்கொள்வது பத்து நிமிடம்.

8. எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் பின்னால் ஒரு காப்புப் பூச்சு. வானத்தை மெல்லியதாகப் பூசியிருந்தால் வெள்ளைப் பூச்சு அதை ஒளிர வைக்கும், கறுப்புப் பூச்சு அதையே புயலாக்கிவிடும். எது வேண்டுமென்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மின்னல் எப்படி வரும்?

இது அப்பாவின் கைவசமுள்ள வித்தை. கருமேகத்தைப் பூசி, அது பாதி காய்ந்திருக்கும்போது ஊசி முனையால் ஒரு கிளைக்கோடு கீற வேண்டும். பெயின்ட் விலகி, கண்ணாடி தெரியும். நன்றாகக் காய்ந்தபின் அந்தக் கீறலுக்குப் பின்னால் வெள்ளையை வைத்தால், முன்பக்கம் திருப்பிப் பார்க்கும்போது மின்னல் வெட்டும்! மழைச் சாரலுக்கும் இதே முறைதான், பிளேடு நுனியால் சாய்த்துச் சாய்த்து மெல்லிய கோடுகள். சூரியனுக்கு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, கசக்கிய வெள்ளித்தாளைப் பின்னால் ஒட்டினால், நடந்து போகிறவன் அசையும்போதெல்லாம் சூரியனும் மினுங்கும்.

சில எச்சரிக்கைகள்

எனாமலும் எண்ணெய் வண்ணமும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு காய்பவை. தாளிலோ துணியிலோ பார்க்கிற பக்கமே காற்றைப் பார்த்துக் காயும். இங்கே அந்தப் பக்கத்தைக் கண்ணாடி அடைத்துக்கொள்கிறது. காற்று பின்னாலிருந்து மட்டும்தான் வர முடியும். கனமாகப் பூசினால் பின்பக்கம் தோல் கட்டி, உள்ளே ஈரம் தங்கி, சுருக்கம் விழும். ஆகவே எப்போதும் மெல்லிய பூச்சு.

முடிந்த படத்தை நேர் வெயிலில் மாட்டாதீர்கள். கண்ணாடி வெப்பத்தில் விரிவது மிகக் குறைவு. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி 30 டிகிரி சூடு ஏறினால் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக விரியும். பெயின்ட் அதைவிடப் பல மடங்கு விரியப் பார்க்கும். தினம் தினம் இந்த இழுபறி நடந்தால் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துவிடும். மழைக்காலத்து ஓதமும் ஆகாது. சுவருக்கும் படத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்றோட்டம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. தாளில் மரம் சரியாக வரவில்லை என்றால் மேலே ஒரு புதர் போட்டு மறைத்துவிடலாம். இங்கே முதலில் போட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் பின்னால் இருக்கிற மலை, மேகம், வானம் அத்தனையையும் சுரண்ட வேண்டும். "தாளு பொறுத்துக்கும், கண்ணாடி பொறுத்துக்காது" என்பார் அப்பா. அதனால்தான் பிரஷைத் தொடும் முன்பே படம் முழுவதும், கடைசியில் வரப்போகிற வானம் உட்பட, மனதில் முடிந்திருக்க வேண்டும். நாம் வரைபலகையில் வெட்டுத்தோற்றம் போடும்போது கண்ணுக்குத் தெரியாத உள் அறையை முதலில் மனதில் கட்டிக்கொள்கிறோமே, அதே திறமைதான்.

பாலிடெக்னிக் மலரில் இது எதற்கு?

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் எங்கள் ஊருக்கும் வந்தது. அப்பா இரண்டு நாள் எழுதுகிற போர்டை எந்திரம் சில நிமிடத்தில் துப்பிவிட்டது. விலையும் குறைவு. நான் எந்திரத்தைக் குறை சொல்ல வரவில்லை. நானே எந்திரம் படிக்கிறவன்தானே! ஆனால் அந்த நாள் முதல் போர்டு வேலை சுருங்கிச் சுருங்கி, இப்போது அப்பா கட்டட வேலையில் பிரைமர் அடிக்கப் போகிறார். கண்ணாடி வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நான் 'ஓவியர்' என்று சொன்னேன். அங்கே இருந்தவர் அப்பாவின் கையையும் லுங்கியில் இருந்த சுண்ணாம்பையும் பார்த்துவிட்டு, 'கூலி' என்று அடித்தார். "அதெல்லாம் ஒண்ணும் வித்தியாசமில்லை" என்றார். அப்பாவும், "இருக்கட்டும் தம்பி, சீட்டு கெடச்சா சரி" என்றார். சீட்டு கிடைத்தது. அந்தச் சொல் மட்டும் இன்னும் என் சான்றிதழ்களோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது.

கூலி வேலை இழிவு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூலிதான் எனக்குக் கட்டணம் கட்டியது. ஆனால் ஒளிவிலகல் எண் என்ற சொல்லே தெரியாமல், எந்த வண்ணத்துக்குப் பின்னால் எதை வைத்தால் எப்படித் தெரியும் என்று முப்பது வருடமாகக் கணக்குப் பிசகாமல் செய்கிற ஒருவருக்கு என்ன பெயர்? ஆங்கிலம் படிக்கத் தெரியாமலே ஆங்கில எழுத்தைத் திருப்பி எழுதத் தெரிந்தவருக்கு என்ன பெயர்?

குரோஷியாவில் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். 1952இல் சாக்ரெப் நகரில் இந்த ஓவியங்களுக்கென்று ஒரு கூடம் திறந்தபோது, அதற்கு உழவர் கலைக்கூடம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். உழவர் என்பதை அவர்கள் மறைக்கவில்லை, கலை என்பதையும் மறைக்கவில்லை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதினார்கள். மறு வருடம் 1953இல் கெனெராலிச்சின் படங்கள் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஹெகெதுஷிச் ஓவியம் படித்த மனிதர்தான். ஆனால் படித்ததனால் ஊர்க்காரன் கையில் இருப்பதைப் பார்க்கத் தெரியாதவராக ஆகிவிடவில்லை. அந்த ஒரு குணத்தால்தான் உலகத்துக்கு அந்த வானம் கிடைத்தது.

நண்பர்களே! நம் வகுப்பில் தச்சர் மகன் இருக்கிறான், நெசவாளி மகள் இருக்கிறாள், பாத்திரம் அடிப்பவர் வீட்டுப் பிள்ளை இருக்கிறான். நம் புத்தகத்தில் சூத்திரமாக இருப்பது பலர் வீட்டில் கைப்பழக்கமாக இருக்கிறது. அதைக் கேட்டு, எழுதி, ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்க நம்மால் முடியும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம்தான் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள். நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கு எழுதத் தெரியாது, நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கை தெரியாமல் போகலாம்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நம் வரைபட அறையைத் திறந்துவிட்டால் போதும். ஆளுக்கு ஓர் அடிச் சதுரக் கண்ணாடி, நாலு நிறம் எனாமல். செலவு பெரிதாக ஆகாது. அப்பாவிடம் கேட்டுவிட்டேன். வரச் சம்மதித்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: "மைக்கு புடிச்சுப் பேசச் சொல்லாதே தம்பி. கண்ணாடியைக் குடு, போட்டுக் காட்டறேன்."